ஓட்டு வீட்டு மேல கான்கிரீட் போட்டு நான் பட்ட பாடு

கடலூர் ஓ.டி.ல, அதாங்க முதுநகர்ல, எங்க தாத்தா கட்டுன வீடு இருக்கு. தெருப்பக்கம் திண்ணை, நடை தாண்டி உள்ள போனா நடுவுல வானம் தெரியுற முத்தம், நாலு பக்கமும் தாழ்வாரம், எட்டு மரத்தூண், மேல நாட்டு ஓடு, கூடத்துக்கு மட்டும் கட்டை போட்டு செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். தெருவாசல்ல நின்னா கொல்லைவாசல் நேரா தெரியும். இந்த வீட்டை 2017-ல புதுசாக்குறேன்னு கிளம்பி, ஆறு வருஷம் கழிச்சு 2023-ல போட்டதுல பெரும்பகுதியை நானே இடிச்சு எடுத்தேன். எனக்கு கூட நின்னு சொல்ல யாரும் இல்ல. என் வீட்டுக்காரர் மஸ்கட்ல, அப்பா போய்ட்டாரு, அம்மாவுக்கு முட்டி வலி. இதே மாதிரி பழைய வீடு கையில இருக்குறவங்க ஒருத்தராவது இதை படிச்சிட்டு அவசரப்படாம இருந்தா போதும்னுதான் எழுதுறேன்.

ஏன் ஆரம்பிச்சேன்னு முதல்ல சொல்லிடுறேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க ஓட்டுல பாதிக்கு மேல பறந்து போச்சு. அப்பா பழைய வீடு இடிக்கிற இடமா தேடித்தேடி ஓடு வாங்கியாந்து மேய்ஞ்சாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி ஆளை கூப்ட்டு ஓடு மாத்துறது அப்பா வேலை. அவரு 2016-ல இறந்ததும் ஓடு மாத்துற ஆளும் வர்றதில்ல, பூனை ஓடுனா ஓடு நகருது, மழை வந்தா அம்மா ராத்திரி எழுந்து அண்டாவும் குண்டானும் வச்சிகிட்டு உக்காந்திருப்பாங்க. இதுல சொந்தக்காரங்க வேற, "இன்னுமா ஓட்டு வீட்ல இருக்கீங்க"ன்னு. எங்க பக்கம் கூரை வீடு, ஓட்டு வீடு, தளம் போட்ட மெத்தை வீடுன்னு ஒரு படிக்கட்டு மாதிரி, மெத்தை வீடு கட்டிட்டாதான் ஆளுன்னு மதிப்பாங்க. அதை நான் குறைச்சு பேச மாட்டேன். தானேல கூரை பறந்து குழந்தைங்களோட பள்ளிக்கூடத்துல படுத்தவங்களுக்கு ஒரு கான்கிரீட் வீடுங்கறது உயிருக்கு பாதுகாப்பு. என் விஷயம் வேற, நல்லா நிக்கிற வீட்டு மேல கொண்டுபோய் அதை போட்டேன்.

ஒரு மேஸ்திரி வந்து பாத்தாரு. பத்து நிமிஷம் இருக்கும், செவுத்தை தட்டுனாரு, மேல பாத்தாரு, "எல்லாம் உளுத்துப்போச்சும்மா, பாண்டியில மேரி கட்டடமே மழையில உக்காந்துடுச்சு, இது எம்மாத்திரம்"னாரு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருந்த விஷயம், 2014 நவம்பர்ல புதுச்சேரி கடற்கரையில 1870கள்ல கட்டுன மேரி கட்டடம், அதான் பழைய நகராட்சி கட்டடம், மழையில இடிஞ்சு விழுந்தது. அம்மா கீழ படுத்திருக்குற நெனப்பு வந்து வயித்தை கலக்கிடுச்சு, சரின்னுட்டேன். அது பல வருஷம் ரிப்பேர் பாக்காம கிடந்து விழுந்த கட்டடம், பழசுங்கறதால மட்டும் விழலைன்னு அப்போ எனக்கு தோணல. அவர் சொன்ன எஸ்டிமேட் ஆறரை லட்சம். தாழ்வாரத்து ஓட்டை பிரிச்சு கான்கிரீட், முத்தத்தையும் சேத்து மூடி ஒரே ஹால், பின்கட்டு ரூமுக்கும் ஸ்லாப், செவுரு பூரா சிமெண்ட் பூச்சு. எட்டு தூண், ரெண்டு நிலைக்கதவு, உத்திரம் எல்லாத்தையும் "விறகு விலைக்குத்தான் போகும்"னு அவரே ஆளை கூட்டியாந்து 45,000 ரூபாய்க்கு எடுத்துகிட்டு போனாங்க. மறு வருஷம் ஆரோவில் போற ரோட்டுல ஒரு பழைய சாமான் கடையில எங்க தூண் மாதிரியே ஒரே ஒரு தூண், அதே தாமரை மொட்டு செதுக்குனது, அதுக்கு மட்டும் 28,000 சொன்னாங்க. கடை வாசல்லயே நின்னுட்டேன், கொஞ்ச நேரம் கால் நகரல.

அதனால முதல் விஷயம், இடிக்கணும்னு சொல்றவரும் இடிக்கிறவரும் இடிச்ச மரத்தை விக்கிறவரும் ஒரே ஆளா இருந்தா அவர் பேச்சை மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க. வேலை எடுக்கப்போகாத ஒரு இன்ஜினியருக்கு மூவாயிரமோ அஞ்சாயிரமோ குடுத்து தனியா பாக்க சொல்லுங்க. மரம் உளுத்துச்சான்னு பாக்க பெரிய படிப்பு வேணாம், செவுத்துக்குள்ள போற முனையை ஒரு ஆணியால குத்திப்பாருங்க, பெரும்பாலும் முனைதான் போயிருக்கும், நடுமரம் கல்லு மாதிரி இருக்கும். முனையை மட்டும் வெட்டி ஒட்டு போடுற ஆசாரிங்க இன்னும் இருக்காங்க. அப்புறம் எந்த மரத்தையும் வேலை முடியற வரைக்கும் விக்காதீங்க, கொல்லையில அடுக்கி மூடி வைங்க. ஓட்டையும் சேத்துத்தான் சொல்றேன், நாட்டு ஓடு இப்போ நெனச்சா கிடைக்காது.

வேலை மே மாசம் ஆரம்பிச்சது. ஆத்து மணல் கிடைக்காம ஊரே தவிச்ச வருஷம் அது. எங்கருந்து மணல் வந்துச்சுன்னு நான் கேக்கல. கலவைக்கும் தண்ணி காட்டுறதுக்கும் எங்க வீட்டு போர் தண்ணிதான். ஓ.டி.ல இருக்குறவங்களுக்கு தெரியும், துறைமுகமும் உப்பனாறும் பக்கத்துலயே, போர் தண்ணி வாயில வைக்க முடியாது, அப்படி உப்பு. அந்த தண்ணியிலதான் கான்கிரீட் போட்டாங்க. நான் ஆபீஸ் போய்ட்டு சாயங்காலம் வந்து பாத்தா கம்பி எல்லாம் சென்டரிங் பலகை மேல ஒட்டி படுத்திருக்கு, கம்பியை பலகையிலருந்து தூக்கி நிறுத்த கவர் பிளாக்னு சின்ன கட்டை வைக்கணும்னே எனக்கு தெரியாது. இப்ப தெரியும், சொல்றேன் கேளுங்க. கம்பிக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல எவ்ளோ கான்கிரீட் இருக்குங்கறதுதான், அதாவது கவர்தான், கடலோர ஊர்ல வீட்டோட ஆயுசு. ஐ.எஸ். 456-ங்கற நம்ம நாட்டு கான்கிரீட் விதியில கடல்காத்து நேரா படுற இடத்துக்கு கவர் 45 மில்லிமீட்டர், கான்கிரீட் குறைஞ்சது எம்30 தரம், கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. எங்க வீட்டுல பிற்பாடு உடைச்சு பாத்தப்ப கவர் ஒரு சென்டிமீட்டர் கூட இல்ல. நீங்க புதுசா கட்டுறதா இருந்தா கூட கலவைக்கும் தண்ணி காட்டவும் லாரி தண்ணி வாங்குங்க, போர் தண்ணியை ஒரு பாட்டில்ல புடிச்சு லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, கம்பி கட்டி முடிச்ச அன்னைக்கு லீவு போட்டு நின்னு ஒவ்வொரு இடமா போட்டோ எடுங்க. கான்கிரீட் கொட்டுனதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

முடிக்கும்போது 10,80,000 ஆச்சு. கிரகப்பிரவேசம் மாதிரி பால் காச்சி எல்லாரையும் கூப்ட்டு சாப்பாடு போட்டோம், பளபளன்னு டைல்ஸ், பெரிய ஹால், அம்மாவும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க. அடுத்த சித்திரையில ஆரம்பிச்சது. ராத்திரி பதினோரு மணிக்கு சீலிங்ல கை வச்சா தோசைக்கல்லு ஆறுன மாதிரி சூடு. பகல் பூரா ஸ்லாப் வாங்குன வெயிலை ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ள எறக்குது. முன்னாடி மத்தியானம் ஒரு மணிக்கு கடல்காத்து எறங்குச்சுன்னா தெருவாசல்ல நுழைஞ்சு நேரா கொல்லைக்கு போகும், உள்ள இருக்குற அனல் முத்தத்து வழியா மேல போய்டும், ஃபேன் போடாமயே அம்மா தாழ்வாரத்துல தூங்குவாங்க. முத்தத்தை மூடுனதும் அனல் போக வழி இல்ல. காத்து உள்ள வந்தா வெளிய போறதுக்கும் வழி வேணுமேங்கறது எங்க தாத்தாவுக்கு தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டு ஏசி வாங்குனோம், 78,000. ரெண்டு மாசத்துக்கு 400 ரூபா கட்டுன கரண்ட் பில் கோடையில 4,500-ஐ தாண்டுச்சு. அம்மா ஏசியில படுத்தா கால் மரத்துப்போகுதுன்னு வாசப்படியில போய் உக்காந்துடுவாங்க. மேல தட்டோடு, அதான் தட்டையான சுட்ட மண் ஓடு, போட்டிருந்தாலாவது கொஞ்சம் தணிஞ்சிருக்கும், ஸ்லாப் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு கெட்டிச்சு தட்டோடு பதிக்கிறது நம்ம ஊர் பழைய வழக்கம், பட்ஜெட் ஏறுதுன்னு அதை நாந்தான் வேணாம்னேன். தயவுசெஞ்சு அதுல மிச்சம் புடிக்காதீங்க.

சூட்டை கூட தாங்கிக்கலாம், செவுத்துல ஈரம் ஏறுற ஓதம்தான் என்னை அழ வச்சது. முதல் மழைக்காலம் முடிஞ்சதுமே செவுத்துல இடுப்பளவுக்கு வெள்ளையா உப்பு பூத்துச்சு, அப்புறம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி, தொட்டா பட்டி அப்படியே தோல் மாதிரி உரிஞ்சு வரும், உள்ள ஈர மாவு மாதிரி பழைய சுண்ணாம்பு. அம்மாவுக்கு ராத்திரி எல்லாம் இருமல். சுரண்டி, கெமிக்கல் அடிச்சு, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சோம், 34,000. ஒரு வருஷம் கூட நிக்கல, இந்த தடவை தோள்பட்டை வரைக்கும் ஏறிடுச்சு. மறுபடியும் வேற கம்பெனி, வேற கெமிக்கல், 61,000. அதுவும் போச்சு. ஒவ்வொரு தடவையும் வர்றவங்க ஒவ்வொரு காரணம் சொல்வாங்க, எல்லாரும் இன்னும் கெட்டியா ஒரு பூச்சு பூசுறதைத்தான் சொன்னாங்க. 2021 நவம்பர் மழையில ஸ்லாப்பும் பழைய செவுரும் சேர்ற இடத்துல விரிசல் விட்டு தண்ணி செவுத்து வழியா எறங்க ஆரம்பிச்சது, அதை அடைக்க 28,000. சுண்ணாம்புல கட்டுன பழைய செவுத்து மேல, 20க்கு 15 அடி முத்தத்தை நாலரை இன்ச் ஸ்லாப் போட்டு மூடுனா அந்த ஒரு துண்டு மட்டும் எட்டு டன் கனம் வரும். அந்த செவுரு எட்டு டன்னை சுமக்கவா கட்டுனது.

2022 ஆகஸ்ட்ல ஒருநாள் விடியகாலை அஞ்சு மணிக்கு தட்டுன்னு சத்தம். ஹால்ல ஊஞ்சல் மேல சீலிங்லருந்து ஒரு முழ நீளத்துக்கு சிமெண்ட் பத்தை விழுந்து கிடக்கு. அம்மா காபி போட அடுப்படிக்கு போன நேரம், அஞ்சு நிமிஷம் முன்னாடி அந்த ஊஞ்சல்லதான் உக்காந்திருந்தாங்க. ஸ்டூல் போட்டு ஏறி பாத்தேன், கம்பி காவி நிறத்துல அப்பளம் அப்பளமா உரிஞ்சிருந்துச்சு, நகத்தால நெம்புனா ஏடு ஏடா வருது. இரும்பு துரு புடிச்சா ரெண்டு மடங்குக்கு மேல ஊதும், அது ஊதி ஊதி கீழ இருக்குற கான்கிரீட்டை தள்ளி விட்டிருக்கு. போட்டு அஞ்சே வருஷம். அந்த துருவை கையில வச்சிகிட்டு நான் அழுத அழுகை அம்மா கிட்ட கூட சொன்னதில்ல.

அப்புறம்தான் புதுச்சேரிக்கு போக ஆரம்பிச்சேன். தமிழர் பகுதியில வைசியாள் வீதின்னு ஒண்ணு இருக்கு, கால்வே சுப்பராய செட்டி வீதின்னும் சொல்வாங்க, பழைய கட்டடங்களை காப்பாத்துற இன்டாக் அமைப்பு முன்ன நின்னு அந்த தெரு வீடுங்க முகப்பை எல்லாம் பழையபடி சரி பண்ணாங்க, அதுக்கு 2008-ல யுனெஸ்கோ விருது கூட கிடைச்சது. திண்ணை, தெருத் தாழ்வாரம், கீழ தமிழ் முறை, மாடியில பிரெஞ்சு சாயல் ஜன்னல். நான் பெயிண்டை பாக்கல, செவுரு அடிப்பாகத்தை குனிஞ்சு தொட்டுத்தொட்டு பாத்துகிட்டே போனேன். ஒரு வீட்டு வாசல்ல பூச்சு வேலை செஞ்சிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், "என்னாம்மா தேடற"ன்னாரு. எங்க வீட்டு கதையை சொன்னேன். கேட்டுட்டு கரணையை துடைச்சிகிட்டே சொன்னாரு, "சுண்ணாம்பு செவுரு தண்ணி குடிக்கும்மா, வெயில் வந்தா கக்கிடும். நீ சிமெண்டை பூசி அது வாயை கட்டிட்ட. குடிச்சதை எங்க போய் கக்கும், உன் வீட்டுக்குள்ளதான் கக்கும்." அஞ்சு வருஷமா எந்த கம்பெனிக்காரரும் சொல்லாத விஷயம் மூணு வாக்கியத்துல முடிஞ்சிடுச்சு.

அதே நாள் கோல்கொண்டே கட்டடத்தையும் தெருவுலருந்து பாத்தேன், அதையும் சொல்லணும், இல்லன்னா நான் கான்கிரீட்டையே திட்டுறேன்னு நெனப்பீங்க. அரவிந்தர் ஆசிரமத்து விடுதி அது, அன்டோனின் ரேமண்ட்ங்கற ஆர்க்கிடெக்ட் வரைஞ்சு, ஜார்ஜ் நகாஷிமா கூட நின்னு பாத்து, 1937-ல ஆரம்பிச்ச கான்கிரீட் கட்டடம். ஜன்னலே கிடையாது, நீளத்துக்கும் திறந்து மூடுற பலகைத் தடுப்புங்க, காத்து இந்தப்பக்கம் வந்து அந்தப்பக்கம் போகும், ஏசி இல்ல. கூரை மேலயும் வளைஞ்ச கான்கிரீட் ஓடு போட்டு நடுவுல காத்துக்கு இடம் விட்டிருக்காங்க. புது பொருள்தான், ஆனா இந்த ஊர் வெயிலையும் காத்தையும் உக்காந்து யோசிச்சு கட்டுனது. புதுசா கட்டுனா அப்படி யோசிச்சு கட்டணும், பழசை வச்சிக்கிட்டா அதோட பொருள்லயே ரிப்பேர் பண்ணணும். ரெண்டையும் ஒரே செவுத்துல கலந்ததுலதான் நான் போனேன்.

அந்த பெரியவர் 2023 தை மாசம் வந்தாரு, கூட அவர் தம்பி மவனும் ரெண்டு சித்தாளும். முட்டு குடுத்து முத்தத்து ஸ்லாப்பையும் தாழ்வாரத்து ஸ்லாப்பையும் துண்டு துண்டா வெட்டி எறக்குனாங்க, தாழ்வாரத்துக்கு பிற்பாடு பழையபடி ஓடு மேய்ஞ்சோம். சிமெண்ட் பூச்சை உளியால கொத்தி எடுத்துட்டு செவுத்தை ரெண்டு மாசம் அப்படியே காயப்போட்டோம், இந்த ரெண்டு மாசத்தை யாரும் அவசரப்பட்டு குறைக்காதீங்க. கொல்லையில குழி வெட்டி கிளிஞ்சல் சுண்ணாம்பை கொட்டி தண்ணி விட்டதும் அது பொங்குனது பாருங்க, பக்கத்துல நிக்க முடியல, உலை கொதிக்கிற மாதிரி சத்தம், முகத்துல ஆவி அடிக்குது. இருபது நாள் தண்ணியிலயே ஊறவிட்டு வெண்ணெய் மாதிரி ஆனதுக்கப்புறம்தான் எடுத்தாரு. கடுக்காயை இடிச்சு வெல்லத்தோட ஊறவச்ச தண்ணி தனியா ஒரு டிரம்ல புளிச்சு நாறுச்சு, அதை கலவையில ஊத்தி அரைச்சாங்க. ஒண்ணுக்கு ரெண்டு மணல், சிமெண்ட் ஒரு கரண்டி கூட கூடாதுன்னாரு. மெல்லிசா ஒரு கை பூசி, விட்டு, மறு கை. வெயில் நேரா படாம ஈரச்சாக்கு தொங்கவிட்டு தினம் தண்ணி தெளிச்சோம். மேல சுண்ணாம்புதான் அடிக்கணும், பட்டி, எமல்ஷன் எல்லாம் அடிச்சா மறுபடி வாயை கட்டுன கதைதான். உங்க செவுரு எதுல கட்டுனதுன்னு தெரியலன்னா ஒரு ஓரமா பூச்சை தட்டிட்டு கல் இடுக்கை ஆணியால கீறுங்க, வெள்ளையாவோ செங்கப்பொடி நிறத்துலயோ மாவா உதிர்ந்தா சுண்ணாம்பு, சாம்பல் நிறத்துல கீற முடியாம இருந்தா சிமெண்ட். இந்த வேலையை மாசி பங்குனியில ஆரம்பிங்க, மழைக்கு முன்னாடி முடிஞ்சாகணும். கூலி கூட ஆகும், நாள் மூணு மடங்கு ஆகும், அதை மனசுல வச்சிக்கங்க.

இன்னொண்ணு பெரியவர் காட்டுனது, எங்க வீட்டு திண்ணைக்கு நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது மூணு படி, இப்போ ஒரு படிதான் தெரியுது. பழைய ரோட்டை சுரண்டாம மேல மேல ரோடு போட்டு தெரு ஏறிடுச்சு, தெருத்தண்ணி நேரா செவுத்து அடிக்கு வருது. வெளிப்பக்கம் செவுத்தை ஒட்டி போட்டிருந்த சிமெண்ட் தளத்தை உடைச்சு, ஒன்றரை அடிக்கு பள்ளம் எடுத்து ஜல்லி நிரப்பி தண்ணி ஓடுற மாதிரி வழி பண்ணாரு. ஓதத்துல பாதி அதுலயே குறைஞ்சது. பெயிண்ட் கடைக்கு போறதுக்கு முன்னாடி தெருவுல எறங்கி நின்னு உங்க வீட்டு தரை உசரத்தை பாருங்க.

ஏழு மாசம், 6,20,000. ஆரம்பத்துலருந்து கூட்டுனா 19 லட்சத்துக்கு மேல போயிருக்கு, கரண்ட் பில் சேக்காம. 2017-லயே ஓடு மேய்ஞ்சு, உத்திர முனை ஒட்டி, சுண்ணாம்பு பூசியிருந்தா நாலு லட்சத்துல முடிஞ்சிருக்கும்னு பெரியவர் கணக்கு போட்டு சொன்னாரு, அவர் சொல்லாமயே இருந்திருக்கலாம்னு அன்னைக்கு தோணுச்சு. மஸ்கட்ல என் வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு வருஷம் கூடுதலா இருக்க வேண்டியதாச்சு, இந்த கடனுக்காகத்தான்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பயந்துகிட்டேதான் இருந்தேன். புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, நமக்கும் விடல, அடுத்த ரெண்டு நாள்லயே தென்பெண்ணையில வெள்ளம் வேற. முத்தத்துல கணுக்கால் வரைக்கும் தண்ணி நின்னு சலதாரை வழியா போய்கிட்டே இருந்துச்சு. ரெண்டு எடத்துல ஓடு ஒழுகுச்சு, அம்மா குண்டானை வச்சாங்க. செவுரு நல்லா நனைஞ்சு அடிப்பாகம் கருப்பா தெரிஞ்சுது, நான் தினம் காலையில கை வச்சு பாத்துகிட்டே இருந்தேன். பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தப்ப காஞ்சிருந்துச்சு, எங்கயும் உப்பு இல்ல, உரியல.

தாழ்வாரத்துல எட்டு மரத்தூண் இருந்த இடத்துல இப்போ பழைய வீட்டுலருந்து தேடி வாங்குன மூணு தூணும் செங்கல்ல கட்டி சுண்ணாம்பு பூசுன அஞ்சு தூணும் நிக்குது. பின்கட்டு ரூம் ஸ்லாப் இன்னும் அப்படியே இருக்கு, காசு இல்ல. அங்க யாரும் படுக்கிறதில்ல, நெல்லு மூட்டையும் பழைய ஏசி ரெண்டும் கிடக்குது. கொல்லையில சுண்ணாம்புக் குழியை மூட வேணாம்னு பெரியவர் சொல்லிட்டு போனாரு, மேல தண்ணி நிக்கிற மாதிரி வச்சிருந்தா எத்தனை வருஷமானாலும் கெடாதாம், அடுத்த வேலைக்கு எடுத்துக்கலாமாம். அம்மாதான் தினம் சாயங்காலம் அதுல ஒரு குடம் ஊத்துறாங்க.